சிவப்பு ஐசி, நீல ஐசி: கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டியது

மலேசியாவில் குடிமக்களுக்கு நீல ஐசி (அடையாள அட்டை), நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு ஐசி. சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்லூரி இடம் கிடைத்தாலும், கையில் சிவப்பு ஐசி இருந்தால் பிடிபிடிஎன் எனும் அரசாங்க உயர்கல்விக் கடன் கிடைக்காது. அது குடிமக்களுக்கு மட்டும்.

இந்தச் சிக்கல் பெரும்பாலும் பெற்றோரின் கல்யாணத்திலிருந்தே தொடங்குகிறது. கோயிலில் தாலி கட்டி, பதிவிலாகாவில் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்குச் சட்டம் தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கும். அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டவர் என்றால் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று வந்துவிடும். பின்னால் கல்யாணத்தைப் பதிந்தாலும் அது தானாக மாறாது. பிள்ளை பிறக்கும் முன்பே பதிந்துவிடுங்கள். பிறப்பை 60 நாளுக்குள் பதியுங்கள்.

குடியுரிமைக்கு மனுப்போட அரசியலமைப்பின் 15ஏ பிரிவு வழி தருகிறது. ஆனால் 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் அதற்கான வயது வரம்பை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் வாசல் மூடிவிடும். நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்த உரிமையையும் அதே திருத்தம் எடுக்கிறது. தோட்டத்து லயன் வீடுகளில் சிவப்பு ஐசி வைத்திருப்போரை இது நேராகத் தாக்கும். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இன்றே தம்பி தங்கைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பெயர் அதில் 'முனியம்மா', ஐசியில் 'முனியம்மாள்' என்றிருந்தால், அந்த ஓர் எழுத்தே மனுவை இழுத்தடிக்கும். முதலில் அதைத் திருத்துங்கள். மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் ஐசி நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மனுப்போட்டதும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.