அத்தையின் பூஜ்ய டிக்கெட்டும் ஒன்றரைக் கிலோமீட்டரும்

என் மாமியார் 2025 மே மாதத்தில் குடியாத்தத்திலிருந்து எங்களோடு இருக்கப் பெங்களூருக்கு வந்தார். மாமனார் காலமான பிறகு அவரைத் தனியே விட மனமில்லாமல் நாங்கள்தான் அழைத்து வந்தோம். வந்த இரண்டாம் வாரமே, சர்க்கரைக்கும் கண்ணுக்கும் மருந்து வாங்க மார்க்கெட் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு நானும் அவரும் ஹோசூர் சாலையில் பேருந்து ஏறினோம். நடத்துநர் “ஆதார் தோர்சி அம்மா” என்று கேட்டதும் என் அட்டையை நீட்டினேன், கட்டணமில்லாத பூஜ்ய டிக்கெட் வந்தது. அத்தையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தவர், முகவரியில் வேலூர் மாவட்டம் என்றிருந்ததால் அதைத் திருப்பிக் கொடுத்து முழுக் கட்டணம் கேட்டார். அவர் செய்தது விதிப்படியானதே. ஆனால் 2021 மே மாதம் முதல் ஊரில் சாதாரண நகரப் பேருந்துகளில் எந்த அட்டையும் காட்டாமல் இலவசமாகப் போய்வந்த அத்தைக்கு அது விளங்கவில்லை. “நான் பொம்பளை இல்லையாமா?” என்று அவர் கேட்டதற்கு எதிரே இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூன் 11 அன்று தொடங்கியது. மாநிலத்தில் வசிக்கும் பெண்கள் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம், குளிர்சாதனப் பேருந்துகளில் போக முடியாது. கர்நாடக முகவரி உள்ள அரசு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பூஜ்ய டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டணத்தை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. 2025 ஜூலையில் அப்படிக் கொடுக்கப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கை 500 கோடியைத் தொட்டது. மாநிலத்தின் வரிப்பணம் மாநிலத்தில் வாழ்கிறவருக்கே என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும் நிற்க இடமில்லாத வண்டியில் ஒவ்வொரு அட்டையையும் வாங்கிப் பார்க்கிற நேரத்தையும் சலிப்பையும் நினைத்தால், எதுவும் கேட்காத தமிழ்நாட்டு முறையே மேல் என்று தோன்றுகிறது.

ஆகவே அத்தையின் ஆதார் முகவரியை மாற்ற முடிவு செய்தோம். வாடகை ஒப்பந்தமும் கேஸ் இணைப்பும் என் கணவர் பெயரில்தான் இருக்கின்றன. அத்தையின் பெயரில் இந்த ஊரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே 2023 முதல் குடும்பத் தலைவர் ஒப்புதல் வழியாக முகவரி மாற்றும் முறை இருக்கிறது. உறவைக் காட்டும் ஆவணம் ஒன்றைப் பதிவேற்றி, கட்டணம் கட்டி (நாங்கள் விண்ணப்பித்தபோது 50 ரூபாய்), இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடும்பத் தலைவர் என்று யாரைக் குறிப்பிடுகிறோமோ அவர் 30 நாட்களுக்குள் தம் கணக்கில் நுழைந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

எளிதென்று நினைத்து உட்கார்ந்தபோது முதல் படியிலேயே நின்றோம். உள்ளே நுழைவதற்கான ஓ.டி.பி. அத்தையின் ஆதாருடன் இணைந்த கைபேசிக்குத்தான் வரும், அந்த எண்ணோ மாமனாருடையது. அவர் போனபின் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, அந்த சிம் என்றோ செத்துப்போயிருந்தது. எண்ணை மாற்ற அப்போது ஆதார் மையத்துக்கு நேரில்தான் போக வேண்டியிருந்தது. அங்கே கைரேகைக் கருவியில் அத்தை வலது கட்டைவிரலை வைத்தார், பதியவில்லை. ஆட்காட்டி விரலும் பதியவில்லை. இடது கையும் அப்படியே. முப்பது ஆண்டு பீடி சுற்றிய விரல்கள் அவை. இலையை மடித்து மடித்து நுனிகள் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருந்தன. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் விரலைத் துடைத்தும், மெல்ல அழுத்தியும் ஏழெட்டு முறை முயன்ற பிறகு கண்விழிக் கருவியை எடுத்துவந்தார். அதில் ஒரே முறையில் வேலை முடிந்தது. அன்றே அங்கேயே முகவரியையும் மாற்றியிருக்கலாம், ஆனால் அதற்குக் குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும். என் கணவர் அலுவலக வேலையாக ஹைதராபாத்தில் இருந்தார்.

எண் மாறியபின் வீட்டிலிருந்தே விண்ணப்பித்தோம். உறவுக்குச் சான்றாக என் கணவரின் பாஸ்போர்ட்டில் தாயார் பெயர் உள்ள பக்கத்தைப் பதிவேற்றினேன். பாஸ்போர்ட்டில் அந்தப் பெயருக்கு முன்னெழுத்து இல்லை, ஆதாரில் இருக்கிறது. நம்மவர்களின் முன்னெழுத்து எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேரை அலையவிட்டிருக்கிறது என்று தெரிந்ததால் அதை எண்ணியே பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் தவறு வேறு இடத்தில் நடந்தது. சம்மதம் கேட்டு வந்த குறுஞ்செய்தியை என் கணவர் மோசடிச் செய்தி என்று எண்ணி நீக்கிவிட்டார். நானும் கேட்க மறந்தேன். முப்பது நாள் கழிந்தது, விண்ணப்பம் தானாக மூடிக்கொண்டது. கட்டிய பணம் திரும்பாது என்று விதியில் முன்பே எழுதியிருக்கிறது. இரண்டாம் முறை விண்ணப்பித்த அன்று இரவே அவரை எதிரே உட்காரவைத்துச் சம்மதம் கொடுக்கச் செய்தேன். முன்னெழுத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில் புதிய முகவரி வந்தது. இந்த வழியில் போகிறவர்கள் முதலில் கைபேசி எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சம்மதம் கொடுக்க வேண்டியவரிடம் அன்றே சொல்லிவையுங்கள்.

ஆகஸ்டில் அத்தை தம் முதல் பூஜ்ய டிக்கெட்டை வாங்கி, மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். அன்று மாலை வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. பேருந்துக்குப் பூஜ்யம், ஆட்டோவுக்கு 130 ரூபாய்.

எங்கள் லேஅவுட் பேகூர் பக்கம் இருக்கிறது. பேருந்து நிற்கும் பெரிய சாலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். முழங்கால் தேய்ந்த அத்தையால் அதை நடக்க முடியாது. ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோவுக்கு முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மீட்டர் கட்டணம் 36 ரூபாய் என்றானது, ஆனால் எங்கள் தெருவில் காலை வேளையில் மீட்டர் போடுகிற ஆட்டோ வாய்ப்பது அதிர்ஷ்டம். அறுபது, எழுபது என்றே பேச்சுத் தொடங்கும். அதே மாதம் 10-ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. அதில் சக்தி டிக்கெட் செல்லாது என்பது ஒருபுறம் இருக்க, நிலையத்துக்குப் போகவும் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரை நாங்கள்தான் கடக்க வேண்டும். இலவசம் என்பது டிக்கெட்டோடு ஒட்டியிருக்கிறது. பேருந்தே வராத தெருவுக்கு மானியத்தில் ஒரு காசும் வருவதில்லை. எங்கள் தெருவிலிருந்து தையல் ஆலைகளுக்குப் போகும் பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டோவுக்குப் பங்கு போடுகிறவர்கள் அவர்கள். அவர்களில் இருவரும், கன்னடத்தில் எழுதத் தெரிந்த அண்டைவீட்டுக்காரர் ஒருவரும், நானுமாகப் பேருந்து கேட்டு மனு எழுதினோம். நாற்பத்திரண்டு கையெழுத்து சேர்ந்தது.

மனுவை டிப்போவில் கொடுத்தபோது, வழித்தடத்தை நீட்டுவது தங்கள் கையில் இல்லை, கோட்ட அலுவலகத்தில் கொடுங்கள் என்றார்கள். அங்கே கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்கினோம். அந்த நகல் முக்கியம். ஒரு மாதம் பதில் இல்லாதபோது, தகவல் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க அதுவே ஆதாரமானது. கர்நாடகத்தில் அந்த விண்ணப்பம் ஒரே பொருள் பற்றியதாகவும் 150 சொற்களுக்கு மிகாமலும் இருக்க வேண்டும், கட்டணம் 10 ரூபாய். என் முதல் வரைவில் அரைப் பக்கம் புலம்பல் இருந்தது. அதை வெட்டி மூன்று கேள்வி மட்டும் வைத்தோம்: மனு மீது என்ன நடவடிக்கை, அருகிலுள்ள வழித்தடத்தில் நாளொன்றுக்கு எத்தனை டிரிப், நீட்டிப்புக்குத் தடை என்ன.

பதில் தாளாக வருமுன் ஆளாக வந்தது. போக்குவரத்து ஆய்வாளர் ஒருவர் பைக்கில் வந்து, லேஅவுட்டின் கடைக்கோடியில் பேருந்து திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்தார். திரும்ப வேண்டிய இடத்தில் கட்டட வேலைக்கான ஜல்லி குவிந்திருந்தது. அதை எடுக்கச் செய்வது எங்கள் பொறுப்பு என்றார். பிறகு அண்டைவீட்டுத் திண்ணையில் காபி குடித்துக்கொண்டே அவர் பொறுமையாக விளக்கியதுதான் இந்த ஆறு மாதத்தில் நான் கற்ற பெரிய பாடம். ஒரு டிரிப் நிலைக்குமா என்பதை ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். மின்சாரப் பேருந்துகளில் பல, வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்ததாரருடையதாக, நடத்துநர் மட்டும் கழகத்தவராக ஓடுகின்றன. அவற்றுக்கு ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தர வேண்டும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும். பூஜ்ய டிக்கெட்டும் வருமானக் கணக்கில் சேரும், அரசிடம் அந்தக் கணக்கைக் காட்டித்தான் பணம் கேட்கிறார்கள். “இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் இறங்கினால், அந்த டிரிப் காலியாக ஓடியது என்றே எழுதப்படும்” என்றார்.

ஜல்லியை எடுக்க மூன்று வாரம் ஆனது. அந்தக் கதையை எழுதினால் இன்னொரு கட்டுரையாகும். டிசம்பரில், பெரிய சாலையோடு நின்றுகொண்டிருந்த ஒரு வழித்தடத்தின் இரண்டு டிரிப்புகள் எங்கள் லேஅவுட் வரை நீட்டப்பட்டன. காலை 7.50-க்கு ஒன்று, 9.10-க்கு ஒன்று. தையல் ஆலைப் பெண்கள் முதல் வண்டியில் போகிறார்கள், இரண்டு நிறுத்தம்தான் என்றாலும் ஒவ்வொருவரும் டிக்கெட் கேட்டு வாங்குகிறார்கள். கூட்டத்தில் நடத்துநர் கவனிக்காமல் போனால், “எனக்குக் கொடுக்கலையேப்பா” என்று அத்தை தமிழிலேயே குரல் கொடுப்பார்.

மதியத்துக்கு வண்டி இல்லை. மருத்துவமனையிலிருந்து ஒன்றரை மணிக்குத் திரும்பும் அத்தைக்குப் பெரிய சாலையிலிருந்து இன்னும் ஆட்டோதான். மதிய டிரிப் கேட்டு இரண்டாவது மனுவைக் கொடுத்து, அதற்கும் முத்திரையிட்ட நகல் வாங்கி வைத்திருக்கிறேன்.