மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊராட்சி பிரியாமல் இருக்க என்ன செய்தோம்

விழுப்புரம் மாவட்டத்தைப் பிரித்துக் கள்ளக்குறிச்சி மாவட்டம் வரும் என்று 2019 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். கல்வராயன் மலைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க அவர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்துபோக வேண்டியிருந்தது. அதனால் மாவட்டம் பிரிவதை எங்கள் ஊரில் யாரும் எதிர்க்கவில்லை. எல்லைக்கோடு எங்கே விழும் என்பதுதான் கவலை. (ஊர்ப் பெயரை எழுதவில்லை. சில மனுக்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன.)

எங்கள் ஊராட்சியில் ஒரு தாய்க் கிராமம், சுற்றிச் சில குக்கிராமங்கள். அதில் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குக்கிராமம் மட்டும் வருவாய்க் கணக்கில் வேறு தாலுகா. ஒரே மாவட்டமாக இருந்தவரை அது யாரையும் உறுத்தவில்லை. பட்டாவுக்கு ஒரு ஆபீஸ், தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் இன்னொரு ஆபீஸ், அவ்வளவுதான். ஆனால் மாவட்டத்தைப் பிரிக்கும்போது தாலுகா, பிர்கா (தாலுகாவின் உட்பிரிவு), வருவாய் கிராமம் என்ற கணக்கில்தான் பார்க்கிறார்கள். ஊராட்சி, ஒன்றியமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும். அப்படிப் போட்டால் தாய்க் கிராமம் விழுப்புரத்திலும், ஓடைக்கு அந்தப் பக்கம் கள்ளக்குறிச்சியிலும் நிற்கும்.

இது வீண் பயம் இல்லை. இளையரசனேந்தல் பிர்காவைப் பாருங்கள். 2008-இல் அதன் வருவாய் நிர்வாகம் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி தாலுகாவுக்குப் போனது. அங்குள்ள 12 ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டன. குருவிகுளம் அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019-க்கு அப்புறம் தென்காசி. சாதிச் சான்றிதழுக்கு ஒரு மாவட்டம், நூறு நாள் வேலைக்கு இன்னொரு மாவட்டம். அந்த ஊர்க்காரர்கள் எத்தனை வருஷமாகப் போராட வேண்டியிருந்தது என்பதைச் செய்தித்தாளில் படித்திருந்தோம். கோடு போட்ட பிறகு மாற்றுவதைவிடப் போடும்போதே பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

பேசுவதற்கு ஊராட்சித் தலைவர் கிடையாது. உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, தேர்தல் தள்ளிப்போய், தனி அலுவலர் பொறுப்பில்தான் எல்லா ஊராட்சிகளும் இருந்தன. ஊருக்காகப் பேசத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லாத நேரத்தில் ஊரின் எல்லையை முடிவு செய்வது சரியில்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், மகளிர் குழுவினர், என்னைப் போல நாலு பேர் சேர்ந்துதான் அலைந்தோம்.

முதல் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து, தலைமுறை தலைமுறையாக ஒன்றாக இருக்கிறோம், பிரிக்காதீர்கள் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மேடையில் இருந்தவர்களின் பேனா அசையவே இல்லை. அடுத்த ஊர்க்காரர் ஒருவர் புல எண்களோடு, அதாவது நிலத்தின் சர்வே எண்களோடு, ஒரு தாளை நீட்டினார். அதை மட்டும் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள்.

எங்களுக்கு வழி காட்டியவர் தலையாரியாக (கிராம உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியப்பா. "தம்பி, பள்ளிக்கூடம் தூரம், பஸ் இல்லன்னு எல்லா ஊரும்தான் சொல்லும். ஏரித் தண்ணி எங்க பாயுதுன்னு காட்டு" என்றார். கிராம நிர்வாக அலுவலர் கிராம வரைபடத்தை மேசையில் விரித்தார். துணி ஒட்டிய பழைய வரைபடம், மடிப்பு விழுந்த இடத்தில் எண்கள் தேய்ந்திருந்தன. தாய்க் கிராமத்து ஏரியின் கடைசி மதகிலிருந்து விரலை வைத்துப் பெரியப்பா வாய்க்காலைத் தொடர்ந்தார். அது ஓடையைத் தாண்டி அந்தக் குக்கிராமத்து நஞ்சை வரைக்கும் போனது. ஒவ்வொரு புல எண்ணாக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அதில்தான் எங்கள் வாதமே இருந்தது. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை அப்போது பொதுப்பணித் துறை. எங்களுடையது ஒன்றிய ஏரி. ஏரி ஒரு மாவட்டத்து ஒன்றியத்திலும் அதில் பாசனம் பெறும் நிலம் பக்கத்து மாவட்டத்திலும் இருந்தால், மதகு உடைந்தால் யார் மராமத்து செய்வது? தண்ணீர்த் தகராறு வந்தால் எந்தத் தாசில்தார் விசாரிப்பது? இதை மனுவின் முதல் பத்தியிலேயே வைத்தோம். பின்னால் கிராம சபைத் தீர்மான நகல், அ-பதிவேட்டு (புல எண் வாரியான நிலப் பதிவேடு) நகல், வரைபட நகல், இரண்டு மாவட்டத் தலைமையிடங்களுக்கும் உள்ள தூரம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். அந்த ரசீது எண் இல்லாவிட்டால் எந்த மேசையிலும் நம்மைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நடுவில் ஒரு அலுவலகத்தில் கோப்பே காணவில்லை என்றார்கள். ரசீதைக் காட்டிய பிறகு கிடைத்தது.

புது மாவட்டம் 2019 நவம்பர் 26-ஆம் தேதி தொடங்கியது. இருபத்திரண்டு ஒன்றியங்களில் 13 விழுப்புரத்துக்கு, 9 கள்ளக்குறிச்சிக்கு. எங்கள் குக்கிராமத்தை எங்கள் தாலுகாவிலேயே சேர்த்திருந்தார்கள். பட்டியலில் அந்தப் பெயரைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது.

வேலை அதோடு முடியவில்லை. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், புதிதாகப் பிரிந்த, பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் மட்டும் வார்டு மறுவரையறையை முடித்துவிட்டுத் தேர்தல் நடத்தச் சொன்னது. மற்ற 27 மாவட்டங்கள் அந்த மாதமே ஓட்டுப் போட்டன. நாங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தோம். ஒன்றிய வார்டுக்கு ஏறக்குறைய 5,000 பேர், மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 50,000 பேர், கணக்கு 2011 மக்கள்தொகைப்படி. அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வந்த வரைவில் ஊராட்சி வார்டு ஒன்று குக்கிராமத்தின் ஒரே தெருவை நடுவே பிளந்தது. கெடு தேதிக்குள் வீட்டு எண்களோடு ஆட்சேபணை கொடுத்தோம், திருத்தினார்கள். ஒன்றிய வார்டில் மட்டும் எங்களுக்குப் பஸ்ஸே இல்லாத இரண்டு ஊர்களோடு சேர்த்தது அப்படியே நின்றுவிட்டது. கவுன்சிலரைப் பார்க்கச் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

வருவாய் எல்லை மாறியதால் மற்ற எல்லைகளும் தானாக மாறிவிடும் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். பத்திரப் பதிவு அலுவலகம், காவல் நிலையம், மின்வாரியப் பிரிவு எல்லாம் தனித்தனித் துறை, தனித்தனி ஆணை. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டும். குக்கிராமத்துக்கான காவல் நிலையம் இன்னும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பக்கம்தான். அதற்கான தீர்மானத்தைக் கிராம சபையில் நிறைவேற்றிப் புல எண் பட்டியலோடு அனுப்பியிருக்கிறோம்.