மூன்று கோபுரங்கள்

இன்று மாலை ஒரு போர்த்துகீசியச் சிற்றூரின் கொடியைத் திரையில் கண்டேன். அதன் நடுவே கேடய வடிவிலான ஊர்ச் சின்னம்; கேடயத்தின் மேல் கோட்டை மதில் போன்ற வெள்ளி நிற மகுடம், அதில் மூன்று கோபுரங்கள்.

அந்த எண்ணிக்கையிலேயே ஊரின் தகுதி அடங்கியிருக்கிறது.

1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 'ஃப்ரெகெசியா' எனப்படும் சிற்றூராட்சிக்கு மூன்று கோபுரங்கள், சிறுநகரத்துக்கு நான்கு, நகரத்துக்கு ஐந்து. பொன் மகுடம் தலைநகர் லிஸ்பனுக்கு உரியது.

கேடயத்தினுள்ளோ திராட்சைக் குலை, ஆலைச் சக்கரம், ஆற்றின் அலைக்கோடு என, அவ்வூர் மக்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்களோ அதுவே பெருமைச் சின்னமாக நிற்கிறது. அரச குலங்களின் சிங்கங்களைவிட இதுவே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

2013-இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூராட்சிகளில் பல இணைக்கப்பட்டு, மொத்த எண்ணிக்கை 3,092 ஆகக் குறைந்தபோது பல ஊர்கள் எதிர்த்தன. அரசுக்கு அது நிர்வாகச் சீர்திருத்தம்; தம் ஊர்ப் பெயரும் கொடியும் இன்னோர் ஊரோடு கலப்பதைக் கண்டவர்களுக்கு அது இழப்பு என்றே நான் கருதுகிறேன்.