சூப்பர்சார்ஜர் போட்ட ஜிப்சிக்கு எந்த பிளக்?

பத்து வயசுலேயே எனக்கு இன்ஜின்ல ஸ்பார்க் விடுற பிளக்கைக் கழட்டத் தெரியும். நாங்க மன்னார்குடிக்குத் தெக்கால, கடைமடை. மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர நாளாகும், வந்தாலும் பள்ளத்துல கெடக்கும், அதை வயலுக்கு ஏத்த அப்பா ஒரு சின்ன இன்ஜின் வச்சிருந்தாரு, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி விடுற ரகம். பாதி நாள் நடுவுல நின்னுடும். அப்பா கரையில உக்காந்து பிளக்கைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாப்பாரு, கரி புடிச்சு ஈரமா இருக்கும், உப்புத்தாள் வச்சுத் தேச்சு பெட்ரோல்ல கழுவி மாட்டுவாரு. அப்பறம் ஒரு மெக்கானிக் "இதுக்கு ஹாட் பிளக் போடுங்கண்ணே"ன்னு வேற நம்பர் பிளக் ஒன்னைக் கொடுத்தாரு, நிக்கிறது கொறஞ்சுடுச்சு. மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி சட்டுனு ஆவியாகாது, ஈரமா பிளக் மேல படியும், முனை நல்லா சூடா இருந்தாதான் அது எரிஞ்சு போகும். அந்த வயசுல இது எனக்குப் புரியல. இருவது வருஷம் கழிச்சு ஜிப்சிக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற கருவி) போட்டப்பதான் அதே கணக்கு தலைகீழா வந்து நின்னுச்சு.

வண்டி பழைய மாருதி ஜிப்சி, 1298 சிசி, எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வச்ச வகை), கம்பெனி கணக்குல 80 குதிரைத்திறன். சித்தப்பா பையனும் நானும் சேர்ந்து வாங்குனது. ரூட்ஸ் டைப் சூப்பர்சார்ஜர் ஒன்னை செகண்ட்ஹேண்ட்ல புடிச்சு, பிராக்கெட் அடிச்சு, கிராங்க் புல்லிலேருந்து பெல்ட் ஓட்டி, 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (கூடுதல் காத்தழுத்தம்) வர்ற மாதிரி புல்லி போட்டு, தனி இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) வச்சிருக்கோம். ரோட்ல ஓட்றதில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்சில இருக்கிறதுலேருந்து இந்த மாதிரி மாத்துன வண்டியை ரோட்ல விடக்கூடாது, அதை நான் சரின்னுதான் நெனைக்கிறேன், நம்ம ஊர் ரோட்ல நெல்லு காயுது, ஆடு மாடு போவுது. அந்தத் தம்பியோட அரிசி ஆலைக் களத்துல வச்சு டியூன் பண்ணுவோம், முழுசா மிதிக்கணும்னா லாரில ஏத்திக்கிட்டு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போவோம்.

முதல் தடவை ஓட்டுனப்ப பழைய பிளக்கேதான் இருந்துச்சு, 6ஆம் நம்பர் (ஹீட் ரேஞ்ச் நம்பர், கீழ விளக்குறேன்), கேப், அதாவது ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கிற இடைவெளி, 1.1 மிமீ. ஐடிலிங் அருமை, மெதுவா போனா அருமை, 3500 ஆர்பிஎம் தாண்டி பூஸ்ட் ஏறுனதும் படபடன்னு மிஸ்ஸிங் (நடுநடுவுல பத்தாம விட்டுப் போறது) அடிக்க ஆரம்பிச்சுது. ஃபியூயல் பம்ப் பத்தலயோன்னு பார்த்தோம், இன்ஜெக்டரைக் கழட்டி கழுவுனோம், பெல்ட் வழுக்குதான்னு பார்த்தோம், மூணு ஞாயித்துக்கெழமை இதுலயே போயிடுச்சு, கடைசில பார்த்தா கேப்தான் பிரச்சனை.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நெறைய பேரு "காத்து வேகமா வந்து ஸ்பார்க்கை ஊதி அணைச்சிடுது"ன்னு சொல்றாங்க, உள்ள சுத்துற காத்தும் ஓரளவு தொந்தரவு பண்ணும்தான் ஆனா முக்கியமான காரணம் அது இல்ல. ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கிற காத்து எவ்ளோ அடர்த்தியா இருக்கோ, இடைவெளி எவ்ளோ பெருசா இருக்கோ, அந்த அளவுக்கு ஸ்பார்க் தாவறதுக்கு வோல்டேஜ் அதிகமா வேணும். 7 பிஎஸ்ஐ பூஸ்ட்னா இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தமே சாதாரணமா இருக்கிறதுல கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு, அதை பிஸ்டன் இன்னும் அமுக்குது. ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் கொடுக்கிற காயில் பழைய காயில்தான், அதால முடிஞ்ச வோல்டேஜ்தான் கொடுக்கும். பத்தலைன்னா ஸ்பார்க் தாவாது, இல்லன்னா வெளிப்பக்கமா பீங்கான் மேலயோ பிளக் வயர்லயோ ஈசியான வழி தேடிப் போயிடும். கேப்பைக் கொறச்சா தேவைப்படுற வோல்டேஜ் கொறையும், அவ்ளோதான்.

நாங்க 1.1லேருந்து 0.9, அப்பறம் 0.8, அப்பறம் 0.7ன்னு எறக்கினோம், 0.7ல மிஸ்ஸிங் சுத்தமா போயிடுச்சு. 0.5 வரைக்கும் போய்ப் பார்த்தோம், பூஸ்ட்ல நல்லாதான் இருந்துச்சு ஆனா ஐடிலிங் நடுங்குச்சு, ஸ்பார்க் குட்டியா இருந்தா கலவையைப் பத்த வைக்கிற நெருப்புப் பொறியும் குட்டியாதான் இருக்கும். அதனால என் கருத்து, மிஸ்ஸிங் நிக்கிற அளவுக்கு மட்டும் எறக்குங்க, அதுக்குக் கீழ வேணாம். காயில் நல்ல பவர்ஃபுல்லா மாத்துனீங்கன்னா கேப்பைத் திரும்ப கொஞ்சம் ஏத்திக்கலாம்.

அடுத்தது ஹீட் ரேஞ்ச். பிளக் வாங்கப் போனா எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான், ரொம்ப தப்பா புரிஞ்சு வச்சிருக்கிறதும் இதைத்தான். கோல்டு பிளக் போட்டா இன்ஜின் கூலாகும்னு நெனைக்கிறாங்க. ஆகாது. எரியிற சூடு அதேதான். பிளக் முனையில ஏறுற சூடு பீங்கான் வழியா, மரை வழியா சிலிண்டர் ஹெட்டுக்கு எவ்ளோ வேகமா எறங்குதுங்கிறதுதான் ஹீட் ரேஞ்ச். உள்ள இருக்கிற பீங்கான் மூக்கு நீளமா இருந்தா சூடு எறங்க நேரமாகும், அது ஹாட் பிளக். மூக்கு கட்டையா இருந்தா சட்டுனு எறங்கிடும், அது கோல்டு. முனை சுமார் 500 டிகிரிக்கு மேல இருந்தாதான் கரி தானா எரிஞ்சு சுத்தமாகும், 800, 850ஐத் தாண்டிப் போகப் போக ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே முனையோட சூட்லயே பெட்ரோல் பத்திக்கிற ஆபத்து. அது நடந்தா பிஸ்டன்ல ஓட்டை விழ ரொம்ப நேரம் ஆகாது. அப்பாவோட இன்ஜின் முதல் கோட்டுக்குக் கீழ கெடந்துச்சு, எங்க ஜிப்சி ரெண்டாவது கோட்டைப் பார்த்து ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நம்பர் மாத்துனா முனையில 70லேருந்து 100 டிகிரி வரைக்கும் வித்தியாசம் வரும்.

நம்பர்ல ஒரு பெரிய குழப்பம் இருக்கு, கவனமா இருங்க. என்ஜிகே கம்பெனி பிளக்ல நம்பர் ஏற ஏற கோல்டு, டென்சோ கம்பெனிலயும் அப்படித்தான், என்ஜிகே 6ன்னா டென்சோ 20, 7ன்னா 22, 8ன்னா 24. பாஷ்ல தலைகீழ், நம்பர் ஏற ஏற ஹாட். தம்பி ஒரு தடவை இது தெரியாம கோல்டு வேணும்னு பாஷ்ல பெரிய நம்பரா கேட்டு வாங்கிட்டு வந்துட்டான், நல்லவேளை மாட்டுறதுக்கு முன்னாடி பெட்டியைப் பார்த்தேன். மத்த எழுத்துக்கும் அர்த்தம் இருக்கு, உதாரணத்துக்கு என்ஜிகே பிகேஆர்7இன்னா, பி 14 மிமீ மரை, கே 16 மிமீ ஸ்பேனர், ஆர் உள்ள ரெசிஸ்டர் (மின் இரைச்சலைக் கொறைக்கிற பாகம்) இருக்கு, 7 ஹீட் ரேஞ்ச், இ மரை நீளம் 19 மிமீ. நீளம் தப்பா போட்டா பிளக் பிஸ்டன்ல இடிக்கக்கூட வாய்ப்பிருக்கு. ரெசிஸ்டர் இல்லாத பிளக் ரேஸுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க, இசியூ வச்ச வண்டிக்கு வேணவே வேணாம், அந்த மின் இரைச்சல் சென்சார் சிக்னல்ல போய்க் கலந்து இல்லாத பிரச்சனையெல்லாம் காட்டும்.

எத்தனை நம்பர் கோல்டு போறதுன்னு பார்த்தா, என்ஜிகே சொல்ற பொதுக் கணக்கு 75லேருந்து 100 குதிரைத்திறன் கூட்டுனா ஒரு நம்பர். இதை அப்படியே புடிச்சுக்கிட்டு "நாங்க 40தானே கூட்டிருக்கோம், மாத்த வேணாம்"னு தம்பி சொன்னான். எனக்கு அது சரியா படல. பெரிய இன்ஜின்ல 40 ஒன்னும் இல்ல, 80 குதிரைத்திறன் இருக்கிற 1.3 லிட்டர்ல 40ங்கிறது பாதி, ஒவ்வொரு சிலிண்டரும் ஒன்றரை மடங்கு வேலை பார்க்குது, போதாக்குறைக்கு எங்க வண்டில காத்தை ஆற வைக்கிற இன்டர்கூலரும் இல்ல, ரூட்ஸ் சார்ஜர் காத்தை நல்லா சூடாக்கித்தான் அனுப்பும்.

கரி டிராக்ல ஒரு நாள் ஓட்டிட்டு வந்து 6ஆம் நம்பரைக் கழட்டிப் பார்த்தப்ப சந்தேகமே இல்லாம தெரிஞ்சுது. பீங்கான் காபிக் கலர்ல இல்ல, பால் மாதிரி வெள்ளை, மேல மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி நாக்கிங்கோட (கலவை தானா வெடிச்சு இன்ஜினைத் தட்டுறது) அடையாளம், அதுல பளபளன்னு குட்டி உருண்டை இருந்தா அது பிஸ்டன்லேருந்து பேர்ந்து வந்த அலுமினியம். எங்களுக்கு அலுமினியம் இல்ல. அன்னைக்கு நைட்டு எனக்குத் தூக்கம் வரல, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அதே நெனப்பு. இங்க ஒன்னு சொல்லிக்கிறேன், நாக்கிங்கை பிளக் மாத்தி சரி பண்ண முடியாது, டைமிங்கைப் பின்னாடி எடுக்கணும் (ஸ்பார்க்கைக் கொஞ்சம் லேட்டா விடணும்), கலவையைச் சரி பண்ணணும், நாங்க ரெண்டையும் பண்ணிட்டுத்தான் 7க்குப் போனோம். அதுவும் இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால், சுத்த பெட்ரோலுக்கு 14.7க்கு 1னு காத்து கேட்டா இதுக்கு 13.5 கிட்டதான், பழைய மேப்பை (எவ்ளோ பெட்ரோல் விடணும்னு இசியூல போட்டிருக்கிற கணக்கை) அப்படியே விட்டா கலவை லீனா, பெட்ரோல் பத்தாம, போயிடும். எங்க மேப் பழசு.

நடுவுல 8ம் போட்டுப் பார்த்தோம். தெரிஞ்ச ஒருத்தர் பூஸ்ட் வண்டினா நேரா 8தான்னாரு. களத்துல ஐடிலிங் வச்சு, மெதுவா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டி மேப் பண்ணிக்கிட்டு இருந்தோம், ஒரு மணி நேரத்துல நாலு பிளக்கும் கறுப்பா, ஈரமா, ஸ்டார்ட் ஆகல. அப்பா பக்கத்துல நின்னு பார்த்துட்டு, "நம்ம பழைய இன்ஜின் மாதிரியேல்ல இருக்கு"ன்னாரு. நாள் முழுக்க டிராக்லயே கெடக்கிற வண்டிக்கு 8 சரியா இருக்கலாம், களத்துல பாதி நேரம் உறுமிக்கிட்டு நிக்கிற எங்க வண்டிக்கு இல்ல.

பிளக்கைப் பார்க்கிற முறையும் முக்கியம். முழுசா மிதிச்சு ஓட்டிட்டு மெதுவா உருட்டிக்கிட்டு வந்து, அஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல வச்சுட்டுக் கழட்டுனா நீங்க பார்க்கிறது ஐடிலிங்கோட கலர். டிராக்ல நேர் ரோட்ல முழு மிதில இருக்கும்போதே கிளட்ச் மிதிச்சு இக்னிஷனை ஆஃப் பண்ணி (ஸ்டியரிங் லாக் விழாத மாதிரி தனி சுவிட்ச் வச்சுக்கிட்டு, பின்னாடி வண்டி வரலன்னு உறுதி பண்ணிக்கிட்டு) உருண்டு ஓரமா வந்து நின்னு கழட்டணும். சிலிண்டர் நம்பர் எழுதி முட்டை அட்டையில வரிசையா வைங்க. எங்களுக்கு மூணாவது மட்டும் மத்ததைவிட வெள்ளையா இருந்துச்சு, இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சுல போட்டுப் பார்த்தா அது மட்டும் கம்மியா தெளிக்குது. பிளக்கைப் பார்க்காம இருந்திருந்தா அது தெரிஞ்சிருக்காது, ஏன்னா சைலன்சர்ல இருக்கிற சென்சார் நாலையும் சேர்த்துத்தான் காட்டும்.

இரிடியமா சாதாரணமான்னு கேப்பீங்க. இரிடியத்தோட முனை மெல்லிசு, 0.6 மிமீ, சில டென்சோல 0.4, மெல்லிசா இருக்கிறதால கம்மி வோல்டேஜ்லயே தாவும், உருகுற சூடு 2400 டிகிரிக்கு மேல, நிக்கல் 1455லயே உருகிடும். பூஸ்ட் இன்ஜினுக்கு இரிடியம் நல்ல பொருள்தான், காயில் பலவீனமா இருந்தா ரொம்பவே உதவும். ஆனா அடிக்கடி கழட்டிப் பார்த்து, கேப் மாத்தி, நாலு தடவை தப்புப் பண்ணிக் கத்துக்கிற கட்டத்துல சாதாரண நிக்கல் போதும், கெட்டா மாத்திட்டுப் போயிடலாம். இரிடியம் முனை லேசா நெம்புனாலே ஒடைஞ்சிடும், அதுல கேப் வைக்கணும்னா மேல இருக்கிற வளைஞ்ச பட்டையை மட்டும்தான் அசைக்கணும். நாங்க ஒரு செட் இரிடியம் வெலை கம்மியா கெடைச்சுதுன்னு வாங்கினோம், அதுல ஒன்னு போலி, முனை ரெண்டே வாரத்துல உருண்டையா தேஞ்சு போச்சு. அதுலேருந்து பில்லு தர்ற டீலர்கிட்ட மட்டும்தான்.

கடைசியா முறுக்குறது. சூடு எறங்குறதே பெரும்பாலும் மரை வழியாவும் வாஷர் வழியாவும்தான், பிளக் லூசா இருந்தா 7ஆம் நம்பர் போட்டும் பிரயோஜனம் இல்ல, அது ஹாட் பிளக் மாதிரிதான் நடந்துக்கும். 14 மிமீ வாஷர் பிளக், அலுமினியம் ஹெட், 25லேருந்து 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லன்னா இன்ஜின் ஆறுனப்பறம் கையால முட்டுற வரைக்கும் சுத்தி, புது பிளக்குன்னா அதுக்கு மேல அரை சுத்துலேருந்து முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி வரைக்கும். மரையில கிரீஸ் எதுவும் தடவாதீங்க, வழவழன்னு இருந்தா அளவு தெரியாம ஓவரா இறுகி மரை பிச்சுக்கும்.

இப்போ வண்டில இருக்கிறது 7ஆம் நம்பர் நிக்கல், கேப் 0.7, மூணாவது சிலிண்டருக்குப் புது இன்ஜெக்டர். போன தடவை கரி டிராக்லேருந்து வந்து கழட்டுனப்ப நாலும் ஒரே மாதிரி வெளிறுன காபிக் கலர். இ20க்கு மேப் மாத்துனப்பறம் திரும்ப கழட்டிப் பார்க்கணும், அறுப்பு முடிஞ்சு களம் காலியானாதான் அதுக்கு எடம் கெடைக்கும்.