நியூயார்க் மணிக்கு மணிலா

ஜூன் 12, 2025, வியாழன்

இன்று பிலிப்பைன்ஸ் சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி. எங்கள் கால் சென்டரில் மட்டும் வழக்கம்போல இரவு ஒன்பது மணி ஷிப்ட். அமெரிக்காவில் இது வெறும் வியாழக்கிழமை, போன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். சட்டப்படி இரட்டைச் சம்பளம், பத்து மணிக்கு மேல் இரவுப்படி வேறு. அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை. பெருங்குடியில் இதே வேலை பார்த்த காலத்தில் தீபாவளியும் இப்படித்தான் போனது.

மணிலாவில் எங்கள் அலுவலகம் இருக்கும் போனிஃபாசியோ குளோபல் சிட்டி வட்டாரம் ஒரு காலத்தில் அமெரிக்க ராணுவ முகாம். பெயர் ஃபோர்ட் மெக்கின்லி. 1898இல் இதே ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் அகினால்டோ ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவித்தார். அந்த டிசம்பரிலேயே அமெரிக்க அதிபர் மெக்கின்லியின் அரசு 2 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டு, ஸ்பெயினிடமிருந்து தீவுகளை வாங்கிக்கொண்டது. முகாமுக்குப் பெயர் மாறிவிட்டது. பக்கத்துச் சாலை இன்னும் மெக்கின்லி சாலைதான்.

ஜூன் 22, ஞாயிறு

சந்துக்குச் சந்து கூடைப்பந்து வளையம். பையன்கள் ரப்பர் செருப்போடு குதிக்கிறார்கள். 1954 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கிய நாடு. 1975லேயே ஆசியாவின் முதல் தொழில்முறை லீக்கும் இங்கேதான். ஊரிலிருந்து வந்த நண்பர் இதையும் ஜாலிபீ என்ற உள்ளூர் பர்கர் கடையையும் பார்த்துவிட்டு, "குட்டி அமெரிக்காப்பா இது" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்க்கரை தூக்கலாக, மேலே ஹாட்டாக் துண்டு போட்ட ஸ்பகெட்டியை எந்த அமெரிக்கன் தின்பான்? மெக்டொனால்ட்ஸே இங்கே கோழியோடு சோறு போடுகிறது. போருக்குப் பின் ராணுவம் விட்டுச்சென்ற ஜீப்பை நீட்டி, சாயம் பூசி, ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஆக்கியவர்கள் இவர்கள். பின் சீட்டிலிருந்து "பாயாத் போ" (இந்தாங்க கட்டணம்) என்று நீட்டும் காசு கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போய்ச் சேருகிறது. இதில் அமெரிக்கா எங்கே மிச்சம்?

ஜூலை 4, வெள்ளி

விடுமுறை. ஊர் முழுக்க வேலை நாள், எங்கள் டீமுக்கு மட்டும் லீவு. வீட்டுக்கார அம்மா காரணம் கேட்டார். அமெரிக்கச் சுதந்திர தினம் என்றதும் சிரித்துவிட்டார். அவர் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் கொடியேற்றியது இந்த நாளில்தானாம். உண்மைதான்: 1946இல் அமெரிக்கா விடுதலை கொடுக்கத் தேர்ந்தெடுத்தது தன்னுடைய ஜூலை 4ஐயே. அதிபர் மக்கபகால் 1962இல்தான் அதை ஜூன் 12க்கு மாற்றினார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் "ஷார்ட்டா, லாங்கா?" என்கிறார்கள். நம்மூர் ஏ4 பழகிய எனக்கு இது புதிது. ஷார்ட் என்பது அமெரிக்க லெட்டர் தாள். தேதியில் மாதம்தான் முன்னால். உயரம் அடி அங்குலத்தில். சுவரில் அமெரிக்கத் தட்டை முள் பிளக், ஆனால் மின்சாரம் அமெரிக்கா போல் இல்லாமல் 220 வோல்ட். அமெரிக்காவிலிருந்து முடி உலர்த்தி கொண்டுவந்தவள் பாடு திண்டாட்டம். பர்கரைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்கிறார்கள். இந்தத் தாளையும் பிளக்கையும் பற்றி எவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

நவம்பர் 3, திங்கள்

நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளினார்கள். மணிலாவில் யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை, ஆனால் நாங்கள் நியூயார்க் நேரத்துக்கு வேலை பார்ப்பதால் இன்றுமுதல் எங்கள் ஷிப்ட் இரவு பத்து மணிக்கு. விடிந்து ஏழுக்கு வெளியே வந்தால் எட்சா நெடுஞ்சாலை நெரிசலில் நேரே போய் மாட்ட வேண்டும். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கூடுதல் காசு பேசிக்கொண்டிருந்தாள். அரிசோனா வாடிக்கையாளர்களைப் பார்க்கும் டீமுக்கு மாற்றமே இல்லை, அந்த மாநிலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அங்கே மாறிக்கொள்ள இப்போதே மூன்று பேர் மனு போட்டிருக்கிறார்கள்.