திரும்பாமலே பார்த்த ஆடு

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் சுவரொட்டி தின்றுகொண்டிருந்த ஆட்டைப் படமெடுக்கப் பின்பக்கமாக, சத்தமில்லாமல் போனேன்.

தலையைத் திருப்பவேயில்லை. இரண்டடி தள்ளிப் போய் நின்று மறுபடி மென்றது.

பக்கவாட்டுக் கண்கள். சுற்றிலும் உள்ள 360 டிகிரியில் 300-க்கு மேல் அதன் பார்வைக்குள். கண்மணி உண்டியல் துளை மாதிரி படுக்கைக் கோடு. மேயக் குனிந்தாலும் அந்தக் கோடு தரைக்கு இணையாகவே நிற்கும். கண்ணே குழிக்குள் சுழன்றுகொள்ளும்!

அப்புறம் முதுநகரில் மீன் கடை. கடைக்கார அம்மா அரிந்துகொண்டிருந்த சங்கரா மீன் மேலேயே ஒரு பூனையின் இரண்டு கண்ணும். பாயும் தூரத்தை அளக்க இரண்டும் ஒன்றையே பார்க்க வேண்டும்.

நமக்கும் முன்னால்தான் கண். வேட்டைக்கா, மரம் தாவவா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

மீனோடு வண்டியைத் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன். ஆட்டைத்தான் நினைத்துக்கொண்டேன்.