விடும்போது வலித்த பல்

முறுக்கைக் கடித்தால் வலிக்காது. கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போதுதான் சுரீர் என்று ஒரு வெட்டு. ஒரு நொடிதான், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஆகிவிடும். கீழ் வலது கடைவாய்ப் பல் அது. பதினைந்து வருடத்துக்கு முன் சொத்தையைச் சுரண்டி வெள்ளி அடைத்தது. மூன்று மாதம் இடப்பக்கமாகவே மென்று ஓட்டினேன்.

முதலில் பார்த்த டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், "வேர் நல்லா இருக்கு, வெறும் கூச்சம்தான்" என்று ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். பேஸ்ட் தீர்ந்தது, வலி தீரவில்லை. "எக்ஸ்ரேலயே ஒண்ணும் இல்லையாம், கொஞ்ச நாள் முறுக்கை விடுங்களேன்" என்றாள் மனைவி.

அடுத்து போன இடத்தில் இருந்தவர் என் மகள் வயதுப் பெண். உட்கார்ந்ததும் கேட்டார்: "கடிக்கும்போது வலிக்குதா சார், விடும்போதா?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. விடும்போது என்றதும், தடித்த பேனா போன்ற ஒன்றை எடுத்து, புது பிளாஸ்டிக் உறை மாட்டினார். நுனியில் பொட்டு அளவு கேமரா, சுற்றிலும் குட்டி விளக்குகள். "மூக்கால மூச்சு விடுங்க, இல்லன்னா ஆவி படிஞ்சிடும்."

எதிரே இருந்த திரையில் என் பல் இட்லித் தட்டு அளவுக்கு வந்து நின்றது. நடுவில் கறுத்துப்போன வெள்ளி. அதன் ஓரத்திலிருந்து பின்பக்கமாக ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். காற்றடித்தார், போகவில்லை. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, கன்னத்துப் பக்கமிருந்து பல்லின் மேல் ஒரு சின்ன விளக்கை வைத்தார். பல்லில் பாதி ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒளிர்ந்தது, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டு. வெளிச்சம் விரிசலைத் தாண்டாதாம். பல்லின் ஒவ்வொரு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் குச்சியை வைத்துக் கடித்து விடச் சொன்னார். பின்முனைக்கு வந்ததும் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டேன்.

அப்படியானால் எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? விரிசல் முன்னும் பின்னுமாக ஓடுகிறது, கதிரோ கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே போகிறது. அந்தக் கோணத்தில் கோடு படத்தில் விழாது. வேரின் நிலைமைக்கு எக்ஸ்ரே, மேற்பரப்புக்குக் கேமரா; ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது. இதைக் கேட்டபின் முதல் டாக்டர் மேலிருந்த கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அந்தக் கேள்வியைக் கேட்காததற்காக.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் திரையில் நல்ல பல்லே பாழடைந்த மண்டபம் மாதிரித்தான் தெரியும். பக்கத்துப் பல்லின் பள்ளத்தில் பழுப்பாக இருந்ததைப் பார்த்துப் பயந்து, "அதையும் அடைச்சிடலாமா?" என்று நானே கேட்டேன். கூர்முனைக் கருவியால் தடவிப் பார்த்து, வெறும் கறைதான், படத்தைச் சேமித்து வைக்கிறேன், ஆறு மாதம் கழித்து ஒப்பிடலாம் என்றார். இன்னொருவர் அதே படத்தைக் காட்டி இரண்டு அடைப்புக்குப் பில் போட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

வெள்ளியை எடுத்த பிறகு மறுபடி படம். விரிசல் குழியின் தரைவரை இறங்கவில்லை. குளிர்ச்சி வைத்துப் பார்த்ததில் நரம்பும் உயிரோடு இருந்தது. அதனால் நரம்பை எடுக்கிற ரூட் கெனால் தேவைப்படவில்லை. பல் மேலும் பிளக்காமல் இறுக்கிப் பிடிக்க ஒரு தற்காலிகக் கேப். மூன்று வாரம் வலி வருகிறதா பார்த்துவிட்டு, நிரந்தரக் கேப். அதற்கு அளவெடுத்தது பழைய முறையில்தான், குமட்டும் அந்த மாவை வைத்து. கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் வாய்க்குள் ஓட்டி அளவெடுக்கும் ஸ்கேனர் இருப்பதில்லை.

கேப் போட்ட மறுநாள் முறுக்கைக் கடித்தேன். விட்டேன். ஒன்றுமில்லை. நம்பிக்கையில்லாமல் இன்னொன்று தின்றேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பள்ளத்துக் கறை அப்படியே இருந்தது. ஈறு ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு படிவு புதிதாகக் கட்டியிருந்தது. ராத்திரி பல் தேய்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், பேசாமல் வாயைத் திறந்தேன்.